வீட்டில் பாடிப் பதிவு செய்த குரல் சரியாக வரவில்லையா? கோளாறு வாரியாகச் சில தீர்வுகள்

முறையாகப் பாட்டு கற்காமல் ஆசைக்காகப் பாடிப் பதிவு செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "இதற்கு என்ன எஃபெக்ட் போட்டால் நன்றாக வரும்?" என்றுதான். பெரும்பாலும் எஃபெக்ட்டுக்கு அங்கே வேலையே இருக்காது. ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே கோளாறு உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

எனவே முதலில் ஒரு சோதனை. கரோக்கி ட்ராக்கை மியூட் செய்யுங்கள். குரல் ட்ராக்கில் போட்டிருக்கும் எல்லா எஃபெக்ட்டையும் அணையுங்கள். வெறும் குரலை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். குறை அதிலேயே தெரிந்தால் அது தொண்டையிலோ அறையிலோ மைக்கிலோ வந்தது; மறுபடி பாடுவதுதான் குறுக்கு வழி. வெறும் குரல் நன்றாக இருந்து, இசையோடு சேர்த்ததும் கெட்டுப்போனால் மட்டுமே அது மிக்ஸிங் சங்கதி.

கீழே உங்கள் கோளாறு எதுவோ அதற்கு நேராகப் போகலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். வீட்டுப் பதிவுகளில் அதிகம் கேட்கும் குறை அதுதான்.

குரல் தள்ளி நிற்கிறது, அறை எதிரொலிக்கிறது

மைக்குக்கு இரண்டு வழியாகச் சத்தம் போகிறது: உங்கள் வாயிலிருந்து நேராக ஒன்று, சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வருவது இன்னொன்று. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேர்க்குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அறையின் ஒலி அப்படியே இருக்கும். 60 செ.மீ. தள்ளி வைத்திருந்த போனை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். எந்த ப்ளக்-இன்னும் (மென்பொருளில் சேர்க்கும் எஃபெக்ட் கருவி) இவ்வளவு சுத்தமாக இதைச் செய்யாது. ஒரு சாண் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் ஒட்டிப் போனாலும் தொல்லை உண்டு. ஒருபக்கமாகக் கேட்கும் மைக்குகளில் (கார்டியாய்ட் என்பார்கள்) வாய் நெருங்க நெருங்க அடிக்குரல் வீங்கும். நாலு விரல் தூரத்தில் பாடினால் குரல் கம்பீரமாகத் தெரியும், ஆனால் சொற்கள் புரியாது.

அடுத்தது அறை. நடு அறையில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டு முடிந்த பிறகும் "ட்ரிங்" என்று ஒரு உலோகச் சத்தம் வால்பிடித்தால், எதிரெதிரே இரண்டு வெறும் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம். கனமான ரஜாய், மெத்தை, துணி நிறைந்த அலமாரி இவையெல்லாம் உதவும். எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் ஃபோம் ஒட்டிவிட்டு எதுவும் மாறவில்லை என்பார்கள். கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். அது முன்பக்கம்தான் கேட்கிறது. முன்பக்கம் இருப்பது நீங்களும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆகவே முதல் ரஜாயை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள், அப்புறம் பக்கங்கள். துணி அலமாரி இருந்தால் கதவைத் திறந்துவிட்டு அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள்.

மெல்லிய ஃபோம் சதுரங்களை நம்பிப் பணம் போட வேண்டாம். அவை மேல்ஸ்தாயி ஒலியை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடும். அறை இன்னும் டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும்.

போனிலேயே பதிவு செய்கிறவர்கள் அதை மேசையில் படுக்கவைக்காதீர்கள், மேசைப் பலகையே ஒரு சுவர்தான். போன் மைக் ஏறக்குறைய எல்லாத் திசையிலும் கேட்கும் என்பதால் சுற்றிலும் துணி வேண்டும்.

எதிரொலியைப் பிறகு நீக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. பேச்சுக்கு அவை பரவாயில்லை. பாட்டில் நீட்டிப் பிடித்த ஸ்வரத்தின் முடிவைக் கடித்துவிடுகின்றன.

புது மைக் வாங்கியும் போன் அளவுக்குக்கூட இல்லை

மைக்கின் வலைக்கம்பியை நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மென்பொருளில் மீட்டர் துள்ளவில்லை என்றால் பதிவாவது லேப்டாப்பின் உள் மைக்கில். செட்டிங்ஸில் புது மைக்கைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. நம்ப மாட்டீர்கள், இது சகஜம்.

இன்னொன்று, மைக்கின் உச்சந்தலையைப் பார்த்துப் பாடுவது. உருளையாக நிற்கும் பெரிய கண்டென்ஸர் மைக்குகள் பலவும் பக்கவாட்டில்தான் கேட்கும். பெரும்பாலும் கம்பெனி முத்திரையோ, சின்ன இதய வடிவக் குறியோ இருக்கும் பக்கம்தான் முகம். மேடை மைக்கைப் போல நுனியில் பாடினால் குரல் மூடிக்கொண்டு வரும். இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு சேர்க்கும் பெட்டி) இணைக்கும் கண்டென்ஸர் மைக்காக இருந்தால், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பட்டன் போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் சத்தமே வராது, அல்லது பேருக்கு ஏதோ வரும்.

மூன்றாவது சந்தேகம், இரைச்சல் நீக்கும் வசதி. போனிலும் லேப்டாப்பிலும் இது கேட்காமலே வேலை செய்துகொண்டிருக்கும். பேச்சுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு; ஒரே மாதிரி நீடிக்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கும். ஒரு "ஆ"காரத்தைச் சீராக நாலைந்து நொடி பிடித்துப் பதிவு செய்யுங்கள். நீங்கள் குறைக்காமலே நடுவில் குரல் தேய்ந்து போனாலோ, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நெளிந்தாலோ, இதுதான் காரணம். ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், நாய்ஸ் சப்ரெஷன் என்ற பெயர்களில் இருப்பதை எல்லாம் அணைத்துவிடுங்கள்.

ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கில் பாட்டைப் பதிவு செய்ய வேண்டாம். அதன் மைக்கை இயக்கியதும் அது போன் பேசும் முறைக்கு மாறிவிடும். குரலும் போன் குரலாகவே வரும்.

உச்சத்தில் குரல் கரகரக்கிறது

அலைவரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேடுகள் வளைந்து இறங்காமல் தலை சீவினாற்போல் தட்டையாக இருந்தால் அது க்ளிப்பிங். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். மென்பொருளில் உள்ள ஃபேடரைக் கீழே இழுத்தால் அதே கரகரப்பு சின்னச் சத்தமாகக் கேட்கும், அவ்வளவே. குறைக்க வேண்டியது இன்டர்ஃபேஸில் அல்லது மைக்கில் உள்ள கெயின் (குரலை எவ்வளவு பெருக்கி உள்ளே வாங்குவது என்ற அளவு).

கெயினை வைக்கும்போது பல்லவியின் முதல் வரியைப் பாடிப் பார்க்காதீர்கள். சரணத்தில் எங்கே உச்சத்துக்குப் போகிறீர்களோ அந்த வரியை முழு மூச்சில் பாடுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்க வேண்டும். நிஜ டேக்கில் யாருமே ஒத்திகையைவிடக் கொஞ்சம் சத்தமாகத்தான் பாடுவார்கள், அதற்கு இடம் வேண்டும். 24 பிட்டில் பதிவு செய்தால் அளவு குறைவாக இருப்பதாக நினைத்து அஞ்ச வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உச்ச ஸ்வரத்தில் முகத்தைச் சற்றுப் பின்னால் எடுப்பதோ, லேசாகத் திருப்புவதோ பழகிக்கொண்டால் பாதி வேலை குறையும்.

"ப" குண்டு போடுகிறது, "ஸ" விசில் அடிக்கிறது

"ப" சொல்லும்போது உதட்டிலிருந்து வெளியேறும் காற்று மைக்கின் தகட்டில் நேராக மோதுகிறது. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்து "பாப்பா" என்று சொல்லிப் பாருங்கள், காற்று எங்கே படுகிறது என்று தெரியும். மைக்கை அந்தப் பாதையிலிருந்து நகர்த்துங்கள்: வாய்க்கு ஒரு பக்கமாக அல்லது கண் உயரத்தில் வைத்து, முகப்பை வாயைப் பார்த்துச் சாய்த்தால் போதும். பாப் ஃபில்டர் (காற்றைத் தடுக்கும் வலை) இருந்தால் மைக்கிலிருந்து சில விரல் தள்ளி நிற்கட்டும். பதிவானதில் மிச்சம் இருக்கும் "டும்" சத்தத்துக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போடுங்கள்.

"ஸ", "ஷ", "ச" கூர்மையாகக் குத்தினாலும் இதே சாய்ப்பு உதவும். அதற்கு மேல் டீ-எஸ்ஸர் ("ஸ" ஒலியை மட்டும் அமுக்கும் எஃபெக்ட்). 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் தேடுங்கள். அளவு மீறினால் பாடுகிறவருக்கு நாக்கு தடித்ததுபோல் ஆகும்.

பின்னணியில் இரைச்சல், ரீங்காரம்

"ஸ்ஸ்" என்று சீராக வந்தால்: தூரமாக நின்று மெதுவாகப் பாடி, கெயினை ஏற்றியிருக்கிறீர்கள். நெருங்கி வந்து கெயினைக் குறையுங்கள். மின்விசிறி, ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைக்க முடிந்தால் அணையுங்கள்.

"ம்ம்ம்" என்ற தாழ்ந்த ரீங்காரம் மின்சாரத்திலிருந்து வருவது. ஊரின் மின்சாரத்தைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுபோனால் காரணம் தெரிந்துவிட்டது, இனிமேல் பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள்.

சுருதி சேரவில்லை

இங்கேதான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். "எனக்கு ஞானம் இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன், எங்கே விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடம் தெரிந்தால் காரணம் தெரியும்.

*முழுப் பாட்டும் லேசாக இறங்கியே இருக்கிறது.* ஹெட்போனில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்கவில்லை. காதை அடைக்கும் ஹெட்போனைப் போட்டுக் கரோக்கியை உரக்க வைத்தால் யாருக்கும் சுருதி தடுமாறும். இசையைக் குறையுங்கள். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடிப் பாருங்கள்; அப்படிச் செய்யும்போது கழற்றிய பக்கத்தில் ஒலி வராமல் இசையை ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் கரோக்கி மைக்குக்குள் கசியும். கேட்டுப் பாடும்போது ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) அதிகம் வைத்துக்கொள்வதும் கூடாது. தேன் மாதிரி இருக்கும், விலகல் தெரியாது.

*வரி முடிவில் மட்டும் இறங்குகிறது.* மூச்சு தீர்ந்துவிட்டது. பாட்டு வரிகளை எழுதி, மூச்சு எடுக்கும் இடங்களில் ஒரு கோடு போடுங்கள். பாடும்போது தோன்றுகிற இடத்தில் எடுக்கக் கூடாது. நின்றுகொண்டு பாடுங்கள். வீட்டுப் பாடகர்களுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு: பக்கத்து அறையில் கேட்டுவிடுமே என்று தொண்டைக்குள்ளேயே பாடுவது. அந்தக் குரலில் காற்று அதிகம், நாதம் குறைவு, சுருதியும் தாங்காது. எதிரொலிக்காகத் தொங்கவிட்ட ரஜாய் கொஞ்சம் கூச்சத்தையும் குறைக்கும். இல்லையென்றால் வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பாடுங்கள், வேறு வழியில்லை.

*உச்சத்தில் மட்டும் எட்டவில்லை.* பாட்டு உங்கள் கட்டையில் இல்லை. மூலப் பாடகரின் சுருதியிலேயே பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பாட்டின் மிகத் தாழ்ந்த வரியையும் மிக உயர்ந்த வரியையும் முதலில் தனியாகப் பாடிப் பாருங்கள். இரண்டும் வசதியாக வரும்வரை கரோக்கியை அரைக் கட்டை அரைக் கட்டையாக இறக்குங்கள் அல்லது ஏற்றுங்கள். இரண்டு, மூன்று அரைக் கட்டை வரை வாத்தியங்களின் ஒலி பெரிதாகக் கெடாது.

*வரி தொடக்கத்தில் கீழிருந்து வழுக்கி ஏறுகிறது.* முதல் ஸ்வரத்தை மனதில் பிடிக்காமல் தொடங்குகிறீர்கள். இடையிசை முடியும்போதே அதை வாய்க்குள் முனகிப் பிடித்துவிட்டு வாய் திறங்கள்.

இதற்குமேல் ஆட்டோடியூன். அந்தப் பெயரில் அன்டாரெஸ் கம்பெனியின் மென்பொருள் 1997-இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட் அதற்கு முன் எண்ணெய்த் தேடலுக்கான நில அதிர்வு அலைகளைக் கணினியில் ஆராய்ந்துகொண்டிருந்தவர். பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களில் எது அருகில் இருக்கிறதோ அங்கே குரலை இழுத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. நம் பாட்டுகளில் சிக்கலும் அங்கேதான். கமகம் என்பதே ஸ்வரங்களுக்கு நடுவே அசைவது. இழுக்கும் வேகத்தை முழுமையாக வைத்தால் வழுக்கி இறங்கும் ஒரு பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்) படிப்படியாக உடைந்து இயந்திரக் குரலாகிவிடும். நான் சொல்வது: இழுக்கும் வேகத்தை மெதுவாக வையுங்கள், அசைவு உள்ள இடங்களில் அணைத்துவிடுங்கள், விலகி நிற்கும் நீண்ட ஸ்வரங்களை மட்டும் கையால் திருத்துங்கள். பாட்டின் ஸ்கேலைத் தவறாகக் கொடுத்தாலும் சரியாகப் பாடிய ஸ்வரம் தவறான இடத்துக்கு இழுபடும்.

பழைய பாட்டின் கரோக்கியாக இருந்தால் இன்னொன்றையும் சோதியுங்கள். டேப் காலத்துப் பதிவுகள் சில, ஓடிய வேகத்தால் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கும். நீங்கள் அதோடு சரியாகச் சேர்ந்து பாடியிருப்பீர்கள். ஆட்டோடியூன் 440 ஹெர்ட்ஸ் (இன்றைய வாத்தியங்களின் பொதுச் சுருதி அளவு) கணக்கில் குரலைத் "திருத்தி" இசையிலிருந்து விலக்கிவிடும். அந்த 440 என்ற எண்ணை மாற்றும் வசதி பல மென்பொருள்களில் உண்டு, கரோக்கிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தாளம் தள்ளிப் போகிறது

இதில் இரண்டு வகை. பாடும்போதே உங்கள் குரல் தாமதமாகக் காதில் விழுகிறது என்றால் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டு) அளவு பெரிதாக இருக்கிறது. 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் 23 மில்லிசெகண்ட். 256 என்றால் ஏறக்குறைய 6. பதிவின்போது குறைத்து வைத்து, மிக்ஸிங்கின்போது ஏற்றிக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் (குரலைக் கணினிக்குள் சுற்றவிடாமல் நேரே ஹெட்போனுக்குத் தருவது) இருந்தால் அதைப் போட்டுவிட்டு, மென்பொருளில் குரலைக் கேட்பதை அணையுங்கள், தாமதமே தெரியாது. ப்ளூடூத் ஹெட்போனில் இதையெல்லாம் செய்து பயனில்லை, ஒயர் ஹெட்போன்தான்.

பாடும்போது சரியாக இருந்து, கேட்கும்போது முழுப் பாட்டும் ஒரே அளவு பிந்தியிருந்தால் குற்றம் உங்கள் தாளத்தில் இல்லை. ஹெட்போனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் வசதி) ஓடவிட்டு, ஹெட்போனின் காதுப்பகுதியை மைக்கோடு ஒட்டிப் பதிவு செய்யுங்கள். மூலத் தட்டும் பதிவான தட்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து, குரல் ட்ராக்கை அவ்வளவு முன்னால் நகர்த்துங்கள். சில இடத்தில் முந்தி, சில இடத்தில் பிந்தினால் மட்டும் அது உங்கள் தாளம். அந்த வரிகளை மறுபடி பாடுங்கள்.

ஒரு வரி உரக்க, ஒரு வரி காணோம்

கம்ப்ரஸரைத் (உரத்த இடங்களைத் தானாக அமுக்கும் எஃபெக்ட்) தேடி ஓடுவதற்கு முன், வரி வரியாகக் கையால் ஏற்றி இறக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் கம்ப்ரஸருக்கு அப்புறம் அதிகம் உழைக்க இருக்காது. பிறகு 3:1 விகிதம், அட்டாக் (அமுக்குவதற்கு எடுக்கும் நேரம்) 10 முதல் 30 மில்லிசெகண்ட், உச்சங்களில் 3 முதல் 6 டெசிபல் அமுங்கும்படி வைத்தால் பெரும்பாலான குரல்களுக்குப் பொருந்தும். மூச்சுச் சத்தமும் கூடவே மேலே வரும். அதை அடியோடு வெட்டினால் பாடுவது மனிதர் போலவே இருக்காது. பாதியாகக் குறைத்தால் போதும்.

குரலும் இசையும் ஒட்டவில்லை

கரோக்கி ஏற்கனவே முழுச் சத்தத்துக்கு ஏற்றப்பட்ட முடிந்த பொருள். அதன் மேல் குரலைத் திணிக்காமல் முதலில் கரோக்கியை 6 டெசிபலாவது இறக்குங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே சரியாகிவிடும்.

குரல் மந்தமாக, சேறாக இருந்தால் ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் எஃபெக்ட்) 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள். சொற்கள் இசைக்குள் புதைந்தால் கரோக்கியில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றுக் குறைத்து வழிவிடலாம்; குரலில் அதை ஏற்றுவதைவிட இது காதுக்கு இதம்.

அப்புறம் ரிவெர்ப். குறையை மூட வேண்டும் என்ற ஆசையில்தான் இது அதிகமாகிறது, ஆனால் ரிவெர்ப்பில் நனைந்த குரல் பின்னால் போய் நிற்கும். ப்ளேட் வகை, நீளம் குறைவாக, 20 முதல் 40 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி). ரிவெர்ப்பை மெல்ல ஏற்றி, அது காதில் தனியாகப் பட்டதும் ஒரு சுற்று குறைத்து நிறுத்துங்கள். அணைத்தால் ஏதோ குறைகிறது, போட்டால் இருப்பது தெரியவில்லை என்றால் அளவு சரி.

எல்லாம் சரிதான், என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை

பேசும்போதும் பாடும்போதும் உங்கள் குரலை நீங்கள் காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்கிறீர்கள். எலும்பு வழி வரும் ஒலி குரலுக்கு அடிக்கனம் கொடுக்கிறது. மைக்குக்கு அந்த வழி கிடையாது, அதனால் பதிவில் குரல் மெலிந்து தெரிகிறது. மற்றவர்கள் உங்களை எப்போதும் கேட்பது அந்தக் குரலைத்தான், அவர்களுக்கு அது புதிதல்ல. இந்த உணர்வை நம்பி ஈக்யூவில் அடிக்குரலை ஏற்றாதீர்கள். கருத்து வேண்டுமானால் இன்னொருவர் காதைக் கடன் வாங்குங்கள், அதுவும் மறுநாள்.

கணினியில் நன்றாக இருந்தது, அனுப்பியதும் கெட்டுவிட்டது

ஏற்றுமதி செய்யும்போது உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது உச்சங்கள் சற்று மேலே தாவும், சுழியத்தில் நிறுத்தியிருந்தால் கரகரப்பு புதிதாக முளைக்கும். எம்பி3 என்றால் 256 அல்லது 320 கேபிபிஎஸ். போன் ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். அங்கே சொற்கள் புரியவில்லை என்றால் கரோக்கியை இன்னும் ஒரு டெசிபல் இறக்குங்கள். மெசேஜ் ஆப்களில் அனுப்பும்போது கோப்பை வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பாமல் டாக்குமென்டாக இணையுங்கள். மூலத்தை வேவ் வடிவத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது மறுபடி மிக்ஸ் செய்யத் தோன்றினால் எம்பி3-இலிருந்து தொடங்க முடியாது.